செட்டர் ரூமில் வைத்த பெட்டி

மார்ச் 3, திங்கள்

முதலாளியம்மா கூப்பிட்டு, வெப்பப் பதிவேட்டை என் பக்கமாகத் தள்ளினார். "பூங்கோதை, இதப் பாரு. மாசம் பூரா மணிக்கு மணி தொண்ணூத்தொன்பதரை டிகிரி. ஒரே மை, ஒரே சாய்வு. இதென்ன மணிக்கு மணி எழுதினதா?"

இல்லைதான். குஞ்சு பொரிக்கிற எங்கள் ஹேச்சரியில் யாரும் அப்படி எழுதுவதில்லை. டூட்டி முடிகிற நேரத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, எட்டு மணி நேரத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் இங்கே எலக்ட்ரீஷியன். பத்து வருடமாகப் பார்க்கிறேன். வாயைத் திறந்ததில்லை.

முட்டைகளைப் பதினெட்டு நாள் வைத்திருக்கும் செட்டர் மிஷினின் சூடு தன் போனில் தெரிய வேண்டும் என்றார். முடியும் என்றேன். அலமாரியில் கேட்பாரற்றுக் கிடக்கும் சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றே போதும்.

"ஆனா ஒண்ணுங்கம்மா. எங்க ஊட்டுக்காரரத் திரும்ப எடுத்துக்கணுமுங்க."

பதிவேட்டை மூடினார். பிறகு, "ஒரு மாசம் பாக்கறேன். மத்தியான டூட்டி" என்றார்.

இன்னொரு காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். சூப்பர்வைசர் நல்லசிவத்தைச் சும்மா விடப்போவதில்லை. போன செப்டம்பரில் ஒரு செட்டரில் விசிறி நின்று சூடு ஏறி, எச்சரிக்கை பெல் அடித்தும் பன்னிரண்டாயிரம் முட்டை செத்தது. "பெல் அடிச்சுக்கிட்டே கெடக்குது, செங்கோட்டுவேலு தூங்கறான்" என்று முதலாளியம்மாவிடம் சொன்னது அந்த மனுஷன். அதோடு விட்டாரா? செத்த முட்டை ட்ரேக்களை என் புருஷன் தலையிலேயே ஏற்றி, பின்பக்கக் குழிக்கு நடக்க வைத்தார். வேலையும் போனது. முப்பது பொம்பளைகள் ட்ரே கழுவுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன். அதே குழிக்கு அதே ட்ரேயை நல்லசிவம் சுமக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

மார்ச் 4, செவ்வாய்

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சீட்டுக்கட்டு அளவுதான். என் போனிலிருந்து நெட் கொடுத்து லினக்ஸைப் புதிதாக ஏற்றினேன். சூட்டைப் போனில் ஒரு பக்கமாகக் காட்ட லைட்டிபிடி என்ற சின்ன வெப் சர்வர் போட்டேன். இந்தப் பெட்டிக்கு இருக்கும் நினைவகத்துக்கு மற்றவையெல்லாம் குண்டோதரன்கள்.

வேலைக்குத் திரும்பப் போகலாம் என்ற செய்தியை என் புருஷனிடம் அடுப்படியிலிருந்தே இரண்டு தடவை சொன்னேன். பதில் இல்லை. டிவியைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் போய் நின்று சொன்னதும் முகம் மலர்ந்தது. ஆறு மாத வெட்டி இருப்பு மனுஷனை எப்படி ஆக்கிவிட்டது பாருங்கள். இதையும் நல்லசிவத்தின் கணக்கில்தான் எழுதுகிறேன்.

மார்ச் 5, புதன்

பக்கத்தைத் திறந்தால் 403 என்கிறது. கோப்பு இருக்கிறது, காட்ட அனுமதி இல்லை என்று அர்த்தம். அமைப்புக் கோப்பை வரிவரியாகப் பார்த்தேன். ஒரு இடத்தில் மேற்கோள் குறியை மூடாமல் விட்டிருந்தேன், மூடினேன். சோதனைக் கட்டளை எல்லாம் சரி என்கிறது. சரி என்றால் ஏன் திறக்கவில்லை சனியனே?

மார்ச் 6, வியாழன்

இன்றும் 403. கேஸ் சிலிண்டர் வந்தது.

மார்ச் 7, வெள்ளி

தப்பு என்னுடையது. பக்கத்தை என் பெயரில் இருக்கும் கோப்புறைக்குள் வைத்திருந்தேன். சர்வர் வேறொரு பெயரில் ஓடுகிறது. பக்கத்தைப் படிக்க அவனுக்கு அனுமதி கொடுத்த நான், வெளிக் கோப்புறைக்குள் நுழைய அனுமதி கொடுக்கவில்லை. வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளறையில் இலை போட்டிருக்கிறேன். பக்கத்தைப் பொதுவான இடத்துக்கு மாற்றினேன். உடனே திறந்தது.

வெள்ளைப் பின்னணியில் பெரிய எழுத்தில் சூடு, கீழே அன்றைய வரைபடம், ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம். என் கண்ணுக்கு அதைவிட அழகான பக்கம் உலகத்தில் இல்லை. கரண்ட் போய் வந்தாலும் சர்வர் தானாக எழுந்து ஓடும்படி செய்துவிட்டேன். யார் யார் எந்தப் போனிலிருந்து எப்போது பார்த்தார்கள் என்றும் குறித்து வைக்கும்.

மார்ச் 10, திங்கள்

செட்டர் ரூமில் பெட்டியை மாட்டி, ஒவ்வொரு செட்டரிலிருந்தும் சூடு அளக்கும் கம்பியை அதில் இணைத்தேன். காம்பவுண்டுக்குள் இருக்கும் எந்தப் போனிலும் பக்கம் தெரியும். வெளி இன்டர்நெட் இணைப்பு கிடையாது. பெட்டிக்கு அருகில் இருந்த ஒரே காலி பிளக்கில் செருகினேன். அது ஜெனரேட்டர் லைனில் இல்லை. பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நல்லசிவம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, இந்த டப்பா என்ன பண்ணும்?"

"பாக்குமுங்க."

"பாத்து?"

"பாத்தத அப்படியே சொல்லுமுங்க. மனுசங்க மாதிரி மாத்திச் சொல்லாது."

அவருக்குப் புரிந்தது. முகம் கறுத்தது. திரும்பி நடந்தார். வீடு வரும்வரை ஸ்கூட்டரில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 12, புதன்

இவர் வேலைக்குச் சேர்ந்தார். காலை ஆறு முதல் இரண்டு வரை நல்லசிவம், இரண்டு முதல் பத்து வரை இவர். டூட்டி மாறும்போது வேண்டுமென்றே பக்கத்தில் நின்றேன். நல்லசிவம் பின்னாலிருந்து, "வா செங்கோட்டுவேலு, சௌக்கியமா?" என்றார். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக மிஷினுக்குப் போய்விட்டார். பலே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு ரோஷம் இவருக்குள் இருக்கிறது என்பது எனக்கே தெரியாது.

மார்ச் 14, வெள்ளி

நல்லசிவத்தின் பதிவேட்டையும் பக்கத்தையும் ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதி முதலாளியம்மாவிடம் கொடுத்தேன். காலை பதினொன்றுக்கு அவர் எழுதியது தொண்ணூற்றொன்பதரை, பெட்டி காட்டியது நூறு. முதலாளியம்மா தாளை மடித்து வைத்துவிட்டார். "அர டிகிரிதானே. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. உன் ஊட்டுக்காரனும் அப்படித்தான் எழுதறான், பாத்தியா?"

பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

அரை டிகிரி எல்லாம் பத்தாது.

மார்ச் 17, திங்கள்

காலையில் குக்கரை வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் இறக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பருப்பு கருகி வீடெல்லாம் புகை. மனுஷர் அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"விசில் வரவே இல்லியே புள்ள."

"ஏழு விசில் வந்துச்சு. குளியலறையில எனக்கே கேட்டுது."

"வரல" என்றார் மறுபடியும். பொய் சொல்கிறவர் முகம் அப்படி இருக்காது, அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. குக்கரைத் தேய்த்துத் தேய்த்துக் கை போய்விட்டது.

மார்ச் 18, செவ்வாய்

காலை 10.10க்குக் கரண்ட் போய் 11 மணிக்கு வந்தது. செட்டர்கள் ஜெனரேட்டரில் ஓடின. பெட்டி மட்டும் அணைந்து, கரண்ட் வந்ததும் தானாக எழுந்தது. சர்வரும் எழுந்தது. ஆனால் பக்கத்தில் நேரம் ஐம்பது நிமிடம் பின்னால் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்தேன். இந்த மாதிரிப் பெட்டிகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. நெட் இருந்தால் அங்கே கேட்டுச் சரிசெய்துகொள்ளும். இல்லையென்றால் அணைந்த நொடியிலிருந்தே மறுபடி எண்ணத் தொடங்கும். இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

நாளைக்குச் சரிசெய்ய வேண்டும்.

மார்ச் 19, புதன்

மூன்றாம் செட்டரின் விசிறி பெல்ட் அறுந்துவிட்டது. பதினாறு நாள் ஆன முட்டைகள். அந்த வயதில் முட்டைக்குத் தன் சூடே அதிகம். விசிறி ஓடிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும், நின்றால் தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

நான் இவருக்கு டீ எடுத்துக்கொண்டு போனபோது மணி மூன்றேகால். கதவைத் திறந்ததும் பெல் காதைக் கிழித்தது. இவர் மிஷினுக்கு முதுகைக் காட்டி நின்று தரை துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற மிஷின்களின் விசிறி இரைச்சலில் கேட்டிருக்காது. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார். மிஷினை நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டு, புது பெல்ட் மாட்டி ஓடவிட்டேன். சூடு நூற்றுப் பன்னிரண்டு வரை போயிருந்தது. முட்டையில் முக்கால்வாசிக்கு மேல் செத்துவிட்டது.

"மூணு மணிக்கு மேல இருக்கும்ல?" என்றார் இவர்.

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சூடு ஏறத் தொடங்கியது 1.45 என்று இருந்தது. இறங்கத் தொடங்கியது 2.25.

"பக்கத்துல ரெண்டு இருபத்தஞ்சுன்னு இருக்குது" என்றேன்.

இவர் கடிகாரம் கட்டுவதில்லை. மறுபடி தரையைத் துடைக்கப் போய்விட்டார்.

முதலாளியம்மா சேலத்தில் இருக்கிறார், நாளைதான் வருவார். மாலை ஐந்து மணிக்குப் பெட்டியின் கடிகாரத்தைச் சரிசெய்தேன். பிளக்கையும் ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றினேன். வரைபடத்தில் ஐந்து மணிக்கு முன்னால், கடிகாரம் தாவிய ஐம்பது நிமிடத்துக்கு ஒரு சின்ன வெற்றிடம் தெரியும். யார் பார்க்கப்போகிறார்கள்?

மார்ச் 20, வியாழன்

முதலாளியம்மா போனை நல்லசிவத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒண்ணே முக்காலுக்கு ஏற ஆரம்பிச்சிருக்குது. ரெண்டு மணிக்கு நீ தொண்ணூத்தொன்பதரைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கற. செங்கோட்டுவேலு வந்துதான் ரெண்டு இருபத்தஞ்சுக்குள்ள நிறுத்தியிருக்கறான். பெல் அடிக்க அடிக்கப் போயிருக்கயே, மனுசனா நீ?"

"அம்மா, நான் போறப்ப பெல் அடிக்கலீங்க. விசிறி ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்க. நேர்ல பாத்துத்தான் எழுதினேனுங்க."

"நேர்ல பாத்து எழுதினியா? என்னிக்கு நீ நேர்ல பாத்து எழுதின?"

எத்தனையோ வருடம் பார்க்காமல் எழுதிய ஆள், ஒரு நாள் பார்த்து எழுதியதாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? நல்லசிவம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

அவரை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார் முதலாளியம்மா. நான்தான் சொன்னேன், "அந்த முட்டையெல்லாம் யாருங்கம்மா கொண்டுபோய்க் கொட்டறது? செப்டம்பர்ல தப்புப் பண்ணவங்கதான் சுமந்தாங்க." முதலாளியம்மா சரியென்று கையை அசைத்தார்.

சுமந்தார். ஐம்பத்தாறு வயது மனுஷர், சட்டையைக் கழற்றித் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு, ட்ரே ட்ரேயாகச் சுமந்தார். முப்பது பொம்பளைகளும் ட்ரே கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் செப்டம்பரில் நின்ற அதே இடத்தில் நின்றேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது.

கடைசி நடையில் என் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

"அம்மிணி, செப்டம்பர்ல அன்னைக்கு நான் செங்கோட்டுவேலு பேரச் சொல்லி மூணு தடவ கத்தினேன். கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. திரும்பல. என்னைய மதிக்காம உக்காந்திருக்கறான்னு ஆத்திரத்துல தூங்கறான்னு சொல்லிப் போட்டேன். தூங்கலதான். அது மட்டும் நான் சொன்ன பொய்யி."

ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 21, வெள்ளி

கோழிக் குழம்பு வைத்தேன். இவர் நன்றாகச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 22, சனி

கண் திறந்து இருந்தது, திரும்பவில்லை. டிவிச் சத்தம். பருப்பு. "வா செங்கோட்டுவேலு, சௌக்கியமா."

வேண்டாம், எழுத வேண்டாம்.

மார்ச் 24, திங்கள்

மத்தியானம் மூன்று மணிக்கு, பராமரிப்புச் சோதனை என்று நோட்டில் எழுதிவிட்டு, இரண்டாம் செட்டரின் பெல் பட்டனை அழுத்தினேன். இவர் ஆறடி தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தார். பெல் அடித்தது. ஒன்று, இரண்டு என்று நூறு வரை எண்ணினேன். பேனா நிற்கவே இல்லை.

பதினோரு வருடம் அந்த விசிறிகளுக்கு நடுவில் இருந்த காது. பெல்லின் கீச்சுச் சத்தம் அதற்குள் போவதே இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துப் பிடித்துக்கொள்கிறார். இத்தனை நாள் நான் அதை ரோஷம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டனை விட்டேன். அழுகை வந்தது. வெளியே போய்த்தான் அழுதேன். உள்ளேயே அழுதிருந்தாலும் தெரிந்திருக்காது.

மார்ச் 25, செவ்வாய்

வேலைக்குக் கிளம்பும் முன் அவருக்கு நேராக உட்கார்ந்து, மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். ஐம்பது நிமிடம், மூன்றேகால், நூறு வரை எண்ணியது எல்லாம்.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார்.

"எது?"

"காது போனது. ரெண்டு வருசமாத் தெரியும். செவிடன்னு பேரு வாங்கறதுக்குத் தூங்கினான்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். தூங்கினவனுக்காச்சும் திரும்ப வேல குடுப்பாங்க."

"நல்லசிவம்?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் வேறு ஏதாவது கேட்டுவிடமாட்டேனா என்று. பிறகு சட்டையைப் போட்டார். "அன்னைக்கு மூணு மணிக்கு மேலதான்னு எனக்கும் தெரியும். நீ ரெண்டு இருபத்தஞ்சுன்ன. சரின்னு விட்டேன்."

ஆக, இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த மனுஷன் தலையில் ட்ரேயை ஏற்றியிருக்கிறோம்.

மார்ச் 26, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு நல்லசிவம் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு உள்ளேயே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. சொன்னதைக் கேட்டார்.

"தெரிஞ்சேதான் பண்ணினியா?"

"தெரிஞ்சேதானுங்க."

"என்ர மகனே என்னைய நம்பல. கம்ப்யூட்டரு பொய் சொல்லுமாப்பான்னு கேட்டான்."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரியாததா? எல்லாரும் பாத்த எடத்துலயே சொல்லு."

கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போனார்.

மார்ச் 27, வியாழன்

முதலில் முதலாளியம்மாவிடம் கடிகாரத்தையும் இவர் காதையும் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "உன்னைய நம்பித்தானே ஒரு மனுசன வெளிய அனுப்பினேன்" என்றார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். என் வேலை இருக்கிறதா என்று அவரும் சொல்லவில்லை, எனக்குக் கேட்க வாயும் வரவில்லை. இவரை மிஷின் டூட்டியிலிருந்து எடுத்து ட்ரே கழுவும் இடத்துக்கு மாற்றினார். பெல்லோடு சேர்ந்து சுழலும் சிவப்பு விளக்கு ஒன்று மாட்டித் தருகிறேன், கண்ணால் பார்த்துக்கொள்வார் என்றேன். மாட்டு, ஏப்ரல் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

அப்புறம் பெட்டிக்குள் போய் முதல் பக்கத்தைத் திருத்தினேன். சூட்டுக்கும் மேலே, பெரிய எழுத்தில் இப்படி:

மார்ச் 19 அன்று இந்தப் பெட்டியின் கடிகாரம் ஐம்பது நிமிடம் பின்தங்கி இருந்தது. மூன்றாம் செட்டரின் பெல்ட் அறுந்தது 1.45க்கு அல்ல, 2.35க்கு. நல்லசிவம் அவர்கள் டூட்டி முடித்துப் போன பிறகு. இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தே மறைத்தேன். பூங்கோதை, எலக்ட்ரீஷியன்.

சர்வரை மறுபடி தொடங்கத் தேவையில்லை. சேமித்த உடனே எல்லார் போனிலும் வந்துவிட்டது. ட்ரே கழுவும் இடத்தில் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

நல்லசிவம் வேலைக்குத் திரும்பினார். முதலாளியம்மாவே வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தாராம். பெட்டிக்குப் பேட்டரியோடு கூடிய கடிகாரச் சில்லு வாங்கி மாட்டினேன். பிளக்கை மூன்று தடவை பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். நேரம் நகரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

சிவப்பு விளக்கு மாட்டியாயிற்று. பெல்லை அழுத்தியதும், ட்ரே கழுவிக்கொண்டிருந்த இவர் கதவு வழியாகப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

நல்லசிவம் இப்போது பதிவேட்டை மணிக்கு மணி எழுதுகிறார். ஒரு மணிக்கு நீல மை, அடுத்ததற்குக் கறுப்பு. என்னோடு பேசுவதில்லை. இன்று மட்டும் பெட்டிக்கு முன்னால் நின்று, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி சரியா ஓடுதா?" என்றார்.

"ஓடுதுங்க."

மறுபடி ஒருமுறை கைக்கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் போனார்.

மாலையில் சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தேன், யார் யார் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று. முதலாளியம்மா போனிலிருந்து இரண்டு தடவை. மற்றவர்கள் ஒன்றிரண்டு. நல்லசிவம் போனிலிருந்து நாற்பத்தொரு தடவை. காலை 5.58க்குத் தொடங்கி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அவர் டூட்டி முடிந்து 2.04 வரைக்கும். அவ்வளவு தடவை சூடு பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது.

சூட்டுக்கு மேலே நான் எழுதிய அந்த வரிகளை, போதுமென்று எடுத்துவிடச் சொல்லி நல்லசிவம் கேட்பார் என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை. எடுக்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை.